அச்சில் வந்ததும் ஒளித்து வைத்ததும்: ஜப்பானியர் கால நாவல்களில் வராத ஒரு பெண்

மலேசியத் தமிழ் நாவலில் ஜப்பானியர் காலத்துக்குக் குறைச்சலே இல்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’, ‘லங்காட் நதிக்கரை’, ‘இமையத் தியாகம்’ என்று யோசிக்காமலே நான்கைச் சொல்லிவிடலாம். தமிழகத்தில் வெளிவந்த ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ இரண்டையும் சேர்த்தால் ஒரு தனி அலமாரியே நிறையும். இந்த அலமாரியில் பெண்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். சயாமுக்குப் போன கணவனுக்காகக் காத்திருக்கிறார்கள். லாரிச் சத்தம் கேட்டால் ஓடி ஒளிகிறார்கள். மரவள்ளிக் கிழங்கை அவித்துப் பிள்ளைகளுக்குப் பங்கு வைக்கிறார்கள். காதலிக்கிறார்கள், இழக்கிறார்கள், அழுகிறார்கள்.

கையில் பேனாவோடு மட்டும் ஒருத்தியும் வருவதில்லை. நடப்பதைப் பார்த்து, நாலு இடத்தில் விசாரித்து, குறித்துக்கொண்டு, மற்றவர்களுக்குச் சொல்லும் வேலையை ஒரு பெண்ணிடம் கொடுக்க நம் நாவலாசிரியர்களுக்குத் தோன்றவில்லை. நான் வாசித்த நாவல்களில் போர் என்பது ஆண் பார்த்தது, ஆண் சொன்னது. பெண் செய்தியாகிறாள்; செய்தி சொல்பவளாவதில்லை.

‘அந்தக் காலத்தில் அப்படி ஒரு பெண் எங்கே இருந்தாள்?’ என்று உடனே கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்வதற்கு முன் வெளியே ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும்.

ஆங்கிலத்தில் இன்று பெண் போர்நிருபரை நாயகியாக வைக்கும் வரலாற்று நாவல் தனி வகையாகவே ஆகிவிட்டது. கோலாலம்பூரின் பெரிய புத்தகக் கடைகளில் அதற்கென்று ஒரு தட்டு இருக்கும். அட்டையில் முதுகைக் காட்டி நிற்கும் ஒரு பெண், மேலே விமானங்கள். போலா மெக்லேன் 2018இல் எழுதிய ‘லவ் அண்ட் ரூயின்’ இந்த வகையில் நன்கு அறியப்பட்டது. மார்த்தா கெல்ஹார்ன் என்ற உண்மையான நிருபரைப் பற்றிய நாவல் அது. 1944 ஜூனில் நார்மண்டிக் கரைக்குப் போக அனுமதி கிடைக்காத கெல்ஹார்ன், மருத்துவமனைக் கப்பல் ஒன்றில் ஏறிக் குளியலறையில் ஒளிந்துகொண்டு போய்ச் சேர்ந்தார். அப்படிப்பட்ட ஒருவரின் வாழ்க்கையைக் கையில் வைத்துக்கொண்டும், நாவலின் பெரும்பகுதி அவருக்கும் ஹெமிங்வேக்கும் நடந்த திருமண வாழ்க்கையைத்தான் சுற்றுகிறது. போர் பின்திரைச் சீலையாகிவிடுகிறது.

இந்த வகை நாவல்களில் பொதுவாக எனக்குள்ள பிரச்சினை வேறு. நாயகி எப்போதும் சரியான பக்கத்தில் நிற்கிறாள். அவள் பார்ப்பது உண்மை, எழுதுவது உண்மை. தடுப்பவர்கள் மூடர்கள் அல்லது கொடியவர்கள். கடைசியில் கட்டுரை அச்சில் வந்துவிடுகிறது, வாசகனும் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடுகிறான். போர்க்காலப் பத்திரிகைத் தொழில் அப்படியா நடந்தது? எல்லாப் பக்கத்திலும் தணிக்கை இருந்தது. நிருபர் என்பவர் யாரோ ஒரு ராணுவத்தின் அனுமதிச் சீட்டோடு, அதன் வண்டியில், அதன் ரேஷனைச் சாப்பிட்டுக்கொண்டுதான் போனார். அவர் எழுதியதில் உண்மையும் இருந்தது, பிரச்சாரமும் இருந்தது. இரண்டையும் ஒரே கைதான் எழுதியது. இந்த உறுத்தல் இல்லாமல் எழுதப்படும் பெண் நிருபர் நாவல் எனக்கு வேண்டியதில்லை. தமிழில் ஒன்று வரவேண்டும் என்று நான் கேட்பது இந்த உறுத்தலுக்காகத்தான்.

சரி, இங்கே அப்படிப்பட்ட பெண் சாத்தியமா? முதலில் பத்திரிகை உலகத்தைப் பார்ப்போம். கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ 1924இல் தொடங்கியது. சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’ 1935இல் வந்தது. போர் வருவதற்கு முன்பே மலாயாத் தமிழருக்கு அன்றாடம் செய்தி வாசிக்கும் பழக்கம் வந்துவிட்டது. தோட்டத்தில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். பத்திரிகை வெறும் தாளாக இல்லை, ஆள் திரட்டும் கருவியாகவும் இருந்தது.

அதற்குக் கிள்ளானைவிட நல்ல சான்று கிடையாது. 1941இல், ஜப்பான்காரன் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியவர் ஆர்.எச். நாதன். அவர் ‘தமிழ் நேசனி’ல் வேலை பார்த்த பத்திரிகைக்காரர். மே மாதம் அவரைக் கைது செய்தார்கள். தொழிலாளர்கள் கொதித்தார்கள். சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்து ராணுவத்தை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் செத்தார்கள். நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். ஐரோப்பாவில் போர் நடந்துகொண்டிருந்த, ரப்பருக்குக் கிராக்கி உச்சத்தில் இருந்த நேரம் அது. அதனால்தான் ஒரு நிருபரைப் பார்த்து அரசாங்கம் அவ்வளவு பயந்தது.

அந்தத் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளைப் பாருங்கள். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், முறையான மருத்துவ வசதி, கள்ளுக்கடையை மூடுவது, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கத்தை ஒழிப்பது. இவற்றோடு இன்னொன்றும் இருந்தது: தோட்டத்துப் பெண்களிடம் துரைகளும் மேலதிகாரிகளும் பாலியல் ரீதியாக அத்துமீறுவதை நிறுத்த வேண்டும். எழுதப்பட்ட பட்டியலில், எண் போட்டு வைக்கப்பட்ட கோரிக்கை இது. இதைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று முதலில் சொன்னது யார்? பால் வெட்டிக்கொண்டிருந்த எந்தப் பெண் எந்தப் பெண்ணிடம் சொல்லி, அது எந்த ஆணின் காதுக்குப் போய், நாதனின் பேனாவுக்கு வந்து சேர்ந்தது? வரலாற்றில் இதற்குப் பதில் இல்லை. ஒரு நாவல் தொடங்க வேண்டிய இடம் இது. கோரிக்கை வந்து சேர்ந்திருக்கிறது. சொன்னவள் பெயர் வந்து சேரவில்லை.

‘பெண் எழுதுவது அந்தக் காலத்தில் நடவாத காரியம்’ என்பதும் முழு உண்மை இல்லை. சென்னையில் வை.மு. கோதைநாயகி 1925 முதல் ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை நடத்தினார்; விடுதலைப் போராட்டத்தில் சிறைக்கும் போனார். அதைவிட நமக்கு நெருக்கமான உதாரணம் இலங்கை மலையகத்தில் இருக்கிறது. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள், தோட்டத் தொழிலாளருக்காக நடத்தப்பட்ட ‘தேசபக்தன்’ ஏட்டில் பங்கெடுத்தவர். தொழிலாளர் நிலைமையைப் பாட்டாக எழுதி, சிறு நூலாக அச்சிட்டு, லயம் லயமாகப் போய்ப் பாடியவர். தேயிலைத் தோட்டத்தில் சாத்தியமானது ரப்பர் தோட்டத்தில் கற்பனைக்குக்கூட எட்டாதா என்ன?

ஆக, பெண் நிருபர் ஒருத்தியை மலாயாவில் வைத்து எழுதுவது வரலாற்றுக்கு விரோதமான காரியம் கிடையாது. ஆனால் அவளை எப்படி எழுதுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதற்கு இந்த மண்ணிலேயே மூன்று உண்மை உதாரணங்கள் இருக்கின்றன.

முதலாவது ஆக்னஸ் கீத். அமெரிக்கர். திருமணத்துக்கு முன் சான்பிரான்சிஸ்கோவில் பத்திரிகை நிருபராக வேலை பார்த்தவர். கணவர் வடபோர்னியோவில் வனத்துறை அதிகாரி. சண்டக்கானில் வாழ்ந்த அனுபவத்தை எழுதி 1939இல் வெளியிட்டிருந்தார். ஜப்பானியர் வந்ததும் சிறு பிள்ளையோடு சிறை முகாமுக்குப் போனார், கடைசியில் கூச்சிங்கிலிருந்த பத்து லிந்தாங் முகாமுக்கு. முகாமின் தலைவரான சுகா அவருடைய புத்தகத்தை ஜப்பானிய மொழிபெயர்ப்பில் வாசித்திருந்தார். முகாம் வாழ்க்கையைப் பற்றித் தனக்காக ஒன்று எழுதித் தரும்படி கேட்டார். ஆக்னஸ் எழுதிக் கொடுத்தார். அதே நேரத்தில், கிடைத்த துண்டுத்தாள்களில் உண்மையில் நடந்ததைத் திருட்டுத்தனமாகக் குறித்து, டின்களில் போட்டுப் புதைத்தும் பிள்ளையின் விளையாட்டுப் பொம்மைக்குள் தைத்தும் ஒளித்து வைத்தார். 1947இல் வந்த ‘த்ரீ கேம் ஹோம்’ அந்த ஒளித்து வைத்த குறிப்புகளிலிருந்து எழுந்தது. 1950இல் அது ஹாலிவுட் படமாகவும் வந்தது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இரண்டு பிரதிகள் இருந்தன என்பது. ஒன்று அதிகாரி கேட்டு எழுதியது. இன்னொன்று அகப்பட்டால் உயிர் போகும் என்று தெரிந்து எழுதியது. இரண்டும் ஒரே பெண் எழுதியவை. உலகம் இரண்டாவதைத்தான் கொண்டாடியது. ஆனால் ஒரு நாவலாசிரியருக்கு முதலாவதும் வேண்டும். எந்த வாக்கியத்தை எழுதினால் பிள்ளைக்கு ஒரு வாழைப்பழம் கூடுதலாகக் கிடைக்கும், எதை எழுதினால் அடி விழும் என்று அளந்து அளந்து எழுதிய அந்தக் கைதான் போர்க்கால நிருபரின் கை.

இரண்டாவது சிபில் கார்த்திகேசு. பேராக்கின் பாப்பான் ஊரில் கணவர் டாக்டர் கார்த்திகேசுவோடு காட்டிலிருந்த கெரில்லாக்களுக்கு மருத்துவம் பார்த்தவர் என்றுதான் நம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அவர் மேல் ஜப்பானியர் சுமத்திய குற்றங்களில் ஒன்று வானொலிப் பெட்டி வைத்திருந்தது, எதிரி ஒலிபரப்பைக் கேட்டு மற்றவர்களுக்குப் பரப்பியது. வானொலிக்கு ‘ஜோசபின்’ என்று பெயர் வைத்து, ஒளித்து வைத்து, லண்டன் செய்தியைக் கேட்டு, நம்பிக்கையான ஆட்களிடம் சொல்லி அனுப்பினார். இதற்குப் பெயர் என்ன? அச்சு இயந்திரம் இல்லை, சம்பளம் இல்லை, பெயர் போட்டு வரவில்லை. ஆனால் செய்தியைத் தேடி எடுத்துச் சரிபார்த்து மக்களிடம் சேர்த்தார். ஜப்பானியருக்கு இது புரிந்தது, குற்றப்பத்திரிகையில் எழுதினார்கள். நமக்குத்தான் இன்னும் அவர் தாதியாகவும் தியாகியாகவும் மட்டும் தெரிகிறார். சித்திரவதையில் உடல் சிதைந்து 1948இல் இறந்தார். அவருடைய நினைவுக்குறிப்பு ‘நோ டிராம் ஆஃப் மெர்சி’ 1954இல்தான் வெளிவந்தது.

மூன்றாவது உதாரணம் ஒரு பெண்ணே இல்லை. பெண்ணின் பெயரில் வந்த ஒரு புத்தகம். 1945இல், செங்கோட்டையில் இந்திய தேசிய ராணுவத்தினர் மீது விசாரணை தொடங்கிய ஆண்டில், பம்பாயிலிருந்து ‘ஜெய் ஹிந்த்: தி டைரி ஆஃப் எ ரெபல் டாட்டர் ஆஃப் இந்தியா’ வெளிவந்தது. ஜான்சி ராணிப் படையில் இருந்த ஒரு பெண்ணின் நாட்குறிப்பு என்று சொல்லப்பட்டது. பரபரப்பாக விற்றது. அது எந்த ராணியும் எழுதிய நாட்குறிப்பு அல்ல, ‘ஜன்மபூமி’ பத்திரிகையின் ஆசிரியர் அம்ருத்லால் சேட் உருவாக்கியது என்பதைப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டினார்கள். அதாவது, மலாயாப் பெண்ணின் போர்ச் சாட்சியம் என்று இந்தியா முதலில் வாசித்தது ஓர் ஆண் பத்திரிகைக்காரரின் புனைவு. வரலாற்றுப் புனைவு தன் பெயரை மறைத்துக்கொண்டு ஆவணமாக நடமாடியது.

நோக்கம் நல்லதுதானே என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அந்தப் புத்தகம் விற்ற காலத்தில் உண்மையான ராணிகள் உயிரோடு இருந்தார்கள். கோலாலம்பூர்ப் பெண் ஜானகி தேவர், பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன், அப்போது இருபது வயது. நகைகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் படையில் சேர்ந்தவர். 1945 ஏப்ரலில் ரங்கூனிலிருந்து சுபாஷ் சந்திர போஸோடு பின்வாங்கிய பெண்களுக்குத் தலைமை ஏற்று நடந்தவர். அந்தப் பின்வாங்கலின் விரிவான சித்திரத்தை 1951இல் நமக்குத் தந்தவரும் ஒரு பத்திரிகையாளர்தான், எஸ்.ஏ. அய்யர். ஜானகி பிறகு மலாயா இந்தியக் காங்கிரஸின் தொடக்க உறுப்பினர்களில் ஒருவரானார், மேலவையில் அமர்ந்தார், 2014இல் மறைந்தார். பேட்டி கேட்டவர்களுக்கெல்லாம் நினைவிலிருந்து சொன்னார். இப்படிப் பெண்கள் சொன்னார்கள், ஆண்கள் எழுதினார்கள்.

இது பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2016இல் தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ அவர் இறந்த பிறகு வெளிவந்தபோது, இதை அவர்தான் எழுதினாரா, வேறு கை புகுந்ததா என்று எவ்வளவு சர்ச்சை! அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறதா இல்லையா என்பது என் பேச்சு அல்ல. போரைப் பற்றி ஒரு பெண் எழுதினால் முதலில் எழுவது ‘பின்னால் யார்?’ என்ற கேள்வி. ஆண் தளபதியின் நினைவுக்குறிப்புக்கு இந்தக் கேள்வி இவ்வளவு வேகமாக வருவதில்லை. ‘ஜெய் ஹிந்த்’ போன்ற போலி நாட்குறிப்புகள் இந்தச் சந்தேகத்துக்குத் தீனி போட்டன என்பதையும் மறுக்க முடியாது.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். 1943 அக்டோபர் மாதத்தில் ஒன்பது நாட்களை எடுத்துக்கொள்ளுங்கள். 17ஆம் தேதி சயாம் – பர்மா ரயில்பாதையின் இரண்டு முனைகளும் காட்டுக்குள் இணைந்தன. 21ஆம் தேதி சிங்கப்பூர் கேத்தே அரங்கத்தில் போஸ் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசாங்கத்தை அறிவித்தார். 22ஆம் தேதி அதே ஊரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. 25ஆம் தேதி ரயில்பாதைக்குத் திறப்பு விழா.

ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளப் பாதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரமாகத் தமிழர்களை லாரியிலும் ரயிலிலும் ஏற்றிக்கொண்டு போய், காலராவுக்கும் மலேரியாவுக்கும் பட்டினிக்கும் கொடுத்துப் போட்ட பாதை. அதைப் போட்டவர்கள் ஜப்பானியர். தற்காலிக அரசாங்கத்துக்குத் தோள்கொடுத்தவர்களும் அதே ஜப்பானியர். 1944இல் ராணிகள் பர்மாவுக்குப் போனதும் அதே பாதையில்தான். தோட்டத்துப் பெண் ஒருத்தி, இந்தியாவைக் கண்ணால் பார்க்காதவள், இந்துஸ்தானியில் ஆணை கேட்டுப் பழகியவள், விடுதலைக் கனவோடு ரயிலில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குக் கீழே இருக்கும் கட்டைகளை அடுக்கியது அவளுடைய பக்கத்து லயத்துக்காரனாக இருக்கலாம். அண்ணனாகவும் இருக்கலாம்.

நம் நாவல்கள் இந்த ஒன்பது நாட்களையும் இரண்டு அலமாரியாகப் பிரித்து வைத்துவிட்டன. மரண ரயிலுக்கு ஒரு தட்டு: அங்கே ஜப்பான்காரன் அரக்கன், தமிழன் பலி. இந்திய தேசிய ராணுவத்துக்கு இன்னொரு தட்டு: அங்கே நேதாஜி, தியாகம், வீரம். ரெங்கசாமி போன்ற உழைப்பாளி எழுத்தாளரே இரண்டையும் இரண்டு நாவல்களாகத்தான் எழுத வேண்டியிருந்தது. ஒன்றில் அழுகிறோம், மற்றதில் நெஞ்சு நிமிர்த்துகிறோம். இரண்டும் ஒரே காலத்தில், ஒரே தோட்டத்தில், ஒரே குடும்பத்தில்கூட நடந்திருக்கக்கூடியவை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல நமக்குக் கூச்சம்.

இந்தக் கூச்சத்தை உடைக்கக்கூடிய கதாபாத்திரம் ஒரு பெண் பத்திரிகையாளர் என்று நான் நினைக்கிறேன். ஏன் பெண்? ஆண் என்றால் சயாமுக்குப் பிடித்துப் போவார்கள் அல்லது ராணுவத்தில் சேர்ப்பார்கள். அவன் ஏதாவது ஒரு தட்டில் விழுந்துவிடுவான். ஊரில் தங்கிப் போகிறவர்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பெண்கள்தான். யார் எந்த லாரியில் ஏறினான், யார் வீட்டுக்கு எந்தத் தகவலும் வரவில்லை, எந்தத் தாய் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள் என்ற கணக்கெல்லாம் அவர்களிடம் இருந்தது.

பிரிக்பீல்ட்ஸை நினைத்துப் பாருங்கள். ரயில்வே குவார்ட்டர்ஸில் யாழ்ப்பாணத்துக் கிராணிமார் குடும்பங்கள். ஆங்கிலப் பள்ளியில் படித்து, தட்டச்சு தெரிந்து, தமிழும் நன்றாக எழுத வரும் மகள். 1942 ஜனவரி 11ஆம் தேதி கோலாலம்பூர் விழுகிறது. ‘மலாய் மெயில்’ போய் ஜப்பானியர் ஏடு வருகிறது. இந்திய சுதந்திரச் சங்கம் தமிழிலும் ஏடு நடத்துகிறது. எழுதத் தெரிந்தவர்கள் வேண்டும். அவளுக்கு வேலை கிடைக்கிறது. வேலையோடு அரிசியும் கிடைக்கிறது. பகலில் ராணிப் படைக்கு ஆள் சேர்க்கும் கட்டுரையை எழுதுகிறாள், மனதார நம்பித்தான் எழுதுகிறாள். அப்பா ரயில்வே கிராணி. வடக்கே போகும் கூட்ஸ் வண்டிகளில் எத்தனை பேர் ஏறினார்கள் என்ற கணக்கு அவர் கைப்பட எழுதியது. சாப்பாட்டு மேசையில் அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். இருவருக்கும் தெரியும். இருவரும் பேசுவதில்லை. நகரத்தின் நடுவே லீ ரப்பர் கட்டடத்தில் கெம்பெய்த்தாய் உட்கார்ந்திருக்கிறது.

அவள் என்ன எழுதுவாள்? நாவலின் கேள்வி இதுதான். எளிதான பதில் ஒன்று இருக்கிறது: இரவில் ரகசியமாக உண்மையை எழுதி ஒளித்து வைத்தாள், எழுபது வருஷம் கழித்துப் பேத்தி இரும்புப் பெட்டியில் கண்டெடுத்தாள். தயவுசெய்து இதை மட்டும் யாரும் எழுத வேண்டாம். எல்லாப் பெண்ணும் ஆக்னஸ் கீத் ஆக முடியாது. அவள் உண்மையை எழுதாமலே இருந்திருக்கலாம். விடுதலை பெரிசு, ரயில்பாதை அதற்குக் கொடுத்த விலை என்று தனக்குத்தானே சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லிக்கொண்ட ஒருத்தியை வெறுக்காமல், மன்னிக்கவும் செய்யாமல், 300 பக்கம் கூடவே போக முடிந்தால் அதுதான் பெரிய நாவல்.

இதற்குப் பக்கத்தில் வந்தவை ஆங்கிலத்தில் எழுதும் மலேசியர்கள். வனெசா சானின் ‘தி ஸ்டார்ம் வீ மேட்’ 2024இல் வந்தது. கோலாலம்பூரில் ஒரு யுரேஷியக் குடும்பத்துப் பெண், ஆசியா ஆசியருக்கே என்ற வாக்கை நம்பி, போருக்கு முன்பே ஜப்பானிய உளவாளிக்குத் தகவல் கொடுக்கிறாள். பிறகு அவள் மகனையே ரயில்பாதை முகாமுக்குக் கொண்டுபோகிறார்கள். தகவலைக் கடத்திய பெண், அந்தத் தகவலின் விலையைத் தன் வீட்டிலேயே கட்டுகிறாள். நான் கேட்கும் உறுத்தல் இதில் இருக்கிறது. நாவலின் பலவீனம் அவளுக்கும் அந்த ஜப்பானியருக்கும் உள்ள கவர்ச்சி. அது அவளுடைய அரசியல் முடிவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுகிறது. ஒரு பெண் கொள்கைக்காகத் தப்பு செய்தாள் என்று சொல்ல நாவலுக்கே தைரியம் போதவில்லை. நடுவில் ஓர் ஆணை நிறுத்த வேண்டியிருக்கிறது. இந்த விஷயத்தில் மெக்லேனின் ஹெமிங்வேயும் இந்த ஜப்பானியரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள்.

ராணி மாணிக்காவின் ‘தி ரைஸ் மதர்’ (2002) இன்னொரு வழியில் போகிறது. குவாந்தானில் வாழும் இலங்கைத் தமிழ்க் குடும்பம், ஜப்பானியர் கொண்டுபோன ஒரு மகள், தலைமுறை தாண்டியும் ஆறாத அந்தப் புண். அந்தக் குடும்பத்தின் பேத்தி ஒலிநாடாவில் ஒவ்வொருவர் வாயிலிருந்தும் கதையைப் பிடித்து வைக்கிறாள். நாவலின் உண்மையான நிருபர் அவள்தான். ஒரே சம்பவத்தைத் தாய் ஒரு மாதிரி சொல்கிறாள், பிள்ளைகள் வேறு மாதிரி சொல்கிறார்கள். ஒலிநாடா யாரையும் திருத்துவதில்லை. நம் தமிழ் நாவல்கள் இங்கே பாடம் கற்கலாம். ஜப்பானியர் காலத்தை எல்லாம் தெரிந்த ஒரு கதைசொல்லியின் ஒரே குரலில் சொல்லிச் சொல்லி அதைத் தேய்த்துவிட்டோம்.

எழுதுகிறவர்களுக்கு வாசகனாக இன்னும் இரண்டு விஷயம் சொல்லலாம் என்று படுகிறது. ஒன்று, இன்றைய வாயை 1943ஆம் ஆண்டுப் பெண்ணுக்கு வைக்காதீர்கள். ‘பெண்ணுரிமை’ பற்றி அவள் மேடைப் பேச்சுப் பேசினால் அம்ருத்லால் சேட் செய்ததைத்தான் நாமும் செய்கிறோம். நம் லட்சியத்தைப் பேச ஒரு பெண்ணின் கையெழுத்தைக் களவாடுகிறோம். அவளுக்கு அந்தக் காலத்தின் அறியாமை வேண்டும், சாதி வேண்டும், தோட்டத்து ஆட்களைப் பற்றிப் பட்டணத்துக் கிராணி வீட்டுக்கு இருந்த இளக்காரமும் வேண்டும். ‘அந்தக் கூலிச் சனங்கதான போறாங்க’ என்று அவளே ஒரு நாள் சொல்லியிருப்பாள். அதையும் எழுத வேண்டும். இந்த நாவலின் வலியே அங்கேதான் இருக்கும்.

இரண்டு, செய்தி என்றால் தாளில் அச்சடித்தது மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். சயாம் போனவர்களைப் பற்றித் தோட்டத்துப் பெண்கள் பாட்டுக் கட்டினார்கள். ஒப்பாரியில் ஊர் பெயர் வந்தது, இறந்தவன் பெயர் வந்தது, யார் பிடித்துக் கொடுத்தது என்பதும் வந்தது. பத்திரிகை எழுத முடியாததை ஒப்பாரி சொன்னது. அதைத் தணிக்கை செய்ய ஜப்பானியருக்குத் தமிழ் தெரியாது. என் கற்பனை நாயகி அலுவலக மேசையில் எழுதும் கட்டுரையையும், கிள்ளான் பக்கம் ஏதோ ஒரு லயத்தில் எழுத்தறியாத ஒரு கிழவி பாடும் ஒப்பாரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், யார் நல்ல நிருபர் என்ற கேள்வி தானாக வரும். அந்தக் கிழவி என்றுதான் நான் சொல்வேன். நாயகிக்கும் அது தெரிய வேண்டும். தெரிந்துகொண்டு மறுநாள் காலையில் மறுபடியும் அதே மேசையில் போய் உட்கார்ந்து, ஆள் சேர்க்கும் அடுத்த கட்டுரையைத் தொடங்க வேண்டும்.

ஜப்பானியர் காலத்தைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். இருப்பவர்களும் அன்று சிறு பிள்ளைகள். இனி அந்தக் காலம் நமக்குச் சாட்சியமாகக் கிடைக்காது, புனைவாகத்தான் கிடைக்கும். அதனால் புனைவின் பொறுப்பு கூடுகிறது. இல்லாத நாட்குறிப்பை இருந்தது என்று சொல்லி விற்காமல், ‘இது புனைவு, ஆனால் இந்தக் கேள்வி உண்மை’ என்று முகத்துக்கு நேரே சொல்லும் ஒரு நாவல் நமக்கு வேண்டும். கிள்ளானில் 1941இல் அந்தக் கோரிக்கையை முதலில் சொன்ன பெண்ணுக்குப் பெயர் வைக்க நமக்கு உரிமை இல்லை. அவள் பேச்சை யார் கேட்டார்கள், யார் எழுதினார்கள், எதை எழுதாமல் விட்டார்கள் என்று கேட்க உரிமை இருக்கிறது. அதைக் கேட்கும் நாவலை எழுத இன்று இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். பெண்களும் நிறையவே இருக்கிறார்கள்.